நேரலைக் காணொளியைக் கோப்பாகப் பதிவுசெய்தல்: மின்சாரம் நின்றாலும் பதிவைக் காப்பாற்றும் முறை

வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் நடக்கும் இரவு, நந்திக்கடலோரத்தில் கூடும் சனத்துக்குச் சற்றும் குறையாத ஆர்வத்தோடு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் சனம் திரையின் முன் அமர்ந்திருக்கும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுப்பது, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்தக் கடல்நீரில் விளக்கெரிவது என எல்லாமே இப்போது நேரலையாகப் போகின்றன. மடுத் திருவிழாத் திருப்பலியும், மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படும் காட்சியும், ஊரில் நடக்கும் ஒரு செத்தவீடும் அப்படித்தான். பார்க்கும் நேரத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. சில மாதம் கழித்துத் தேடுபவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நேரலையாகப் போன ஒன்று இணையத்தில் எப்படியும் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. 2025 பெப்ரவரி 19 முதல் பேஸ்புக் புதிய நேரலைகளை 30 நாட்களுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அவை தாமாக நீக்கப்படுகின்றன. யூரியூப் 12 மணித்தியாலத்துக்குக் குறைந்த நேரலைகளைத் தானாகச் சேமிக்கும். அதைவிட நீண்டவற்றுக்கு அந்த வசதியை நம்பியிருக்க முடியாது. சொந்தச் சேர்வர் (காட்சியை வாங்கிப் பார்ப்பவர்களுக்கு அனுப்பும் கணினி) வைத்து ஒளிபரப்புபவர்கள் தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் எதுவுமே மிஞ்சாது. இடப்பெயர்வுகளில் கலியாண வீடியோ கசெட்டுகளையும் குடும்பப் படங்களையும் பறிகொடுத்த வீடுகள் வன்னியில் ஏராளம். ஒரு பதிவின் பெறுமதியை இங்குள்ளவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது அதைச் செய்யும் முறையை மட்டுமே. அது பலர் அஞ்சும் அளவுக்குக் கடினமானதல்ல.

வந்து சேர்வது ஏற்கெனவே காணொளிதான்

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நேரலை உங்கள் கணினிக்கு வந்து சேரும்போது அது படங்களாக வருவதில்லை. கமரா இருக்கும் இடத்திலேயே படமும் ஒலியும் சுருக்கப்பட்டு, எண்களின் நீண்ட வரிசையாக மாற்றப்பட்டுவிடுகின்றன. இப்படிச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003இல் வெளியான எச்.264 என்ற கோடெக் இன்றும் நேரலைகளில் பரவலாகப் பயன்படுகிறது. ஒலிக்குப் பெரும்பாலும் ஏ.ஏ.சி. பயன்படுகிறது. அந்த எண்வரிசையை வாங்கி, விரித்து, படமாகத் திரையில் காட்டுவதுதான் உங்கள் கணினி செய்யும் வேலை.

ஆகவே பதிவுசெய்வதென்றால் வந்துசேரும் அந்த எண்வரிசையைத் திரைக்கு அனுப்பும் அதே நேரத்தில் வன்தட்டிலும் எழுதிக்கொண்டே போவதுதான். புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

இதை விளங்கிக்கொள்ளாதவர்கள் திரையைப் பதிவுசெய்யும் செயலியைத் தேடிப் போகிறார்கள். அது சுற்றுவழி. கணினி ஒருமுறை விரித்த படத்தை மறுபடி சுருக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் முறை சுருக்கும்போது தரம் குறைகிறது. பழைய மடிகணினி என்றால் சூடேறித் தடுமாறுகிறது. நடுவில் வந்த குறுஞ்செய்தி அறிவிப்பும் அம்மனின் முகத்தின் மேல் பதிவாகிவிடுகிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் அதைக் கையாளலாம். வந்த தரவை வந்தபடியே எழுதும் முறையில் பத்து ஆண்டு பழைய கணினிகூடச் சிரமமின்றி வேலை செய்யும். சுருக்குவதும் விரிப்பதும் அங்கே நடப்பதில்லை, எழுதுவது மட்டும்தான் நடக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. டேட்டா பொதியை அளந்து செலவழிக்கும் வீடுகளுக்கு இது முக்கியம். ஒரே செயலியில் பார்த்துக்கொண்டே பதிவுசெய்தால் கூடுதல் டேட்டா செலவாகாது, பார்ப்பதற்கு வந்த அதே தரவுதான் எழுதப்படுகிறது. உலாவியில் பார்த்துக்கொண்டு வேறொரு செயலியில் பதிவுசெய்தால் அதே காட்சி இருமுறை இறங்கும், செலவும் இரட்டிப்பாகும்.

எந்த முகவரி?

தொடக்கநிலையில் பலர் தடுக்கி நிற்கும் இடம் இது. உலாவியின் மேற்பட்டியில் தெரிவது ஒரு பக்கத்தின் முகவரி. பதிவுசெய்யத் தேவைப்படுவது அந்தப் பக்கத்துக்குள் ஓடும் காணொளி ஓடையின், அதாவது தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் அந்த எண்வரிசையின், முகவரி. பேஸ்புக், யூரியூப் பக்க முகவரியைக் கொண்டுபோய் ஒரு காணொளிச் செயலியில் ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அத்தளங்களில் நேரலையை நடத்தியவருக்கே தரவிறக்கும் வசதி தரப்பட்டிருக்கிறது. ஆகவே ஆலயத்தின் பக்கத்தை நடத்துபவரிடம் கேட்டு, பேஸ்புக் என்றால் அந்த 30 நாட்களுக்குள், அவரைக் கொண்டே கோப்பை இறக்குவிப்பதுதான் நேர்வழி.

நேரடியாகப் பதிவுசெய்யக்கூடிய ஓடைகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, எம்3யு8 என்று முடியும் முகவரி கொண்டவை. இது எச்.எல்.எஸ். முறை, அப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்தது. இணையத் தொலைக்காட்சிகளும், சொந்தமாக ஒளிபரப்பும் அமைப்புகளும் பெரும்பாலும் இதைத்தான் பாவிக்கின்றன. மற்றது ஆர்.ரி.எஸ்.பி. என்று தொடங்கும் முகவரி கொண்டவை. 1998இல் தரப்படுத்தப்பட்ட பழைய முறை. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கடையில் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கமரா வலையமைப்பு வழியாகக் காட்சி தருமானால், அது அநேகமாக இந்த முறையில்தான் தரும். முகவரி எப்படி அமையும் என்பது கமராவுடன் வந்த கைந்நூலில் இருக்கும். அந்த முகவரிக்குள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்தே எழுதப்படுவது வழக்கம். ஆகவே அதை வட்ஸ்அப்பில் எவருக்கும் அனுப்பக் கூடாது; அனுப்பினால் கடையின் கண்களையே கையில் கொடுத்ததாகிவிடும்.

அனுமதி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆலய நிகழ்வென்றால் பரிபாலன சபையிடமும், செத்தவீடென்றால் அந்தக் குடும்பத்திடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். துயரத்தில் இருப்பவர்களின் முகங்களை அவர்கள் அறியாமல் கோப்பாக வைத்திருப்பது சரியல்ல. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கும் விளையாட்டு ஒளிபரப்புகளுக்கும் உரிமையாளர் இருக்கிறார். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அந்த உரிமையைக் காக்கிறது. பூட்டிடப்பட்ட ஓடைகளை உடைத்துப் பதிவுசெய்யும் வழியைத் தேட வேண்டாம். நம் ஊரின் சொந்த நிகழ்வுகளே பதிவுசெய்ய ஆளின்றிப் போய்க்கொண்டிருக்கின்றன.

எந்தக் கோப்பு வகையில் எழுதுவது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பீர்களென்றால் இந்தப் பகுதியை வைத்திருங்கள்.

எம்பி4, எம்.கே.வி., ரி.எஸ். என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் கோடெக்கைக் குறிப்பதில்லை. அவை கொள்கலனின் பெயர்கள். படமும் ஒலியும் நெல் என்றால் இவை சாக்குகள். ஒரு சாக்கிலிருந்து இன்னொரு சாக்குக்கு மாற்றிக் கட்டினாலும் நெல் அதே நெல்தான். ஒரு மணியும் குறைவதில்லை, வேலையும் சில நிமிடத்தில் முடிந்துவிடும். கோடெக்கை மாற்றுவதோ அந்த நெல்லை ஆலைக்குக் கொண்டுபோய்க் குற்றுவது. நேரம் பிடிக்கும், குற்றிய அரிசியை மறுபடி நெல்லாக்கவும் முடியாது. ஆகவே சாக்கை எத்தனை முறையும் மாற்றலாம். நெல்லில் மட்டும் கைவைக்கக் கூடாது.

அப்படியென்றால் எந்தக் கொள்கலனைத் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் அறிந்தது எம்பி4. எந்தத் தொலைபேசியிலும் ஓடும். நேரலையை நேரே எழுதுவதற்கு அது ஏற்றதல்ல என்பதுதான் என் உறுதியான கருத்து, குறிப்பாக நம் பகுதியில்.

காரணம் இதுதான். சாதாரண எம்பி4 கோப்பில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. பதிவு நடக்கும் வேளையில் அந்த அட்டவணையை முழுமையாக எழுத முடியாது. எத்தனை படங்கள் வரப்போகின்றன என்பது முடியும்வரை தெரியாதல்லவா? அதனால் பதிவு முடிந்து கோப்பு முறைப்படி மூடப்படும்போதுதான் அது எழுதப்படுகிறது. அதற்கு முன் மின்சாரம் நின்றால், கணினி அணைந்தால், யாரோ சாளரத்தை மூடிவிட்டால், அட்டவணை எழுதப்படாமலே போகும். கோப்பு இருக்கும், அளவும் பல ஜிகாபைட் என்று காட்டும், ஆனால் எந்தச் செயலியிலும் திறக்காது. நான்கு மணித்தியாலப் பதிவின் கடைசி நிமிடத்தில் மின்சாரம் நின்றாலும் நான்கு மணித்தியாலமும் போனதற்குச் சமம். மீட்கும் கருவிகள் இருக்கின்றன. எல்லா வேளையிலும் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

ரி.எஸ். கொள்கலன் வேறு எண்ணத்தில் பிறந்தது. ஒளிபரப்புக்காக, வழியில் தரவு தொலையக்கூடும் என்று எதிர்பார்த்தே அமைக்கப்பட்டது. அதில் தரவு முழுவதும் 188 பைட் அளவுள்ள சிறு பொதிகளாக இருக்கும். ஒவ்வொரு பொதியும் தன் தலைப்பைத் தானே சுமக்கிறது. கடைசியில் எழுத வேண்டிய அட்டவணை என்று எதுவும் இல்லை. எந்த இடத்தில் அறுந்தாலும் அதுவரை எழுதப்பட்டது ஓடும். எம்.கே.வி. கொள்கலனும் பெருமளவு இதே பாதுகாப்பைத் தருகிறது. இடையில் அறுந்த எம்.கே.வி. கோப்பில் முன்னும் பின்னும் தாவுவது மட்டும் சற்றுத் தடுமாறலாம்.

எனவே பதிவுசெய்யும்போது ரி.எஸ். அல்லது எம்.கே.வி.; எல்லாம் நல்லபடி முடிந்த பின் அதை எம்பி4 ஆக மாற்றிக் கட்டி உறவினருக்கு அனுப்பலாம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டாம்.

வி.எல்.சி. மூலம்

1996இல் பாரிஸில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய வி.எல்.சி. இன்று இலவசமாகக் கிடைக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருக்கவும் கூடும். மீடியா என்ற பட்டியலில் ஓப்பன் நெட்வேர்க் ஸ்ட்ரீம் என்பதைத் தேர்ந்து, ஓடையின் முகவரியை ஒட்டி, ப்ளே அழுத்தினால் காட்சி ஓடத் தொடங்கும். வியூ பட்டியலில் அட்வான்ஸ்ட் கொன்ட்ரோல்ஸ் என்பதைத் தெரிவுசெய்தால் கீழே ஒரு சிவப்புப் பொத்தான் தோன்றும். அதை அழுத்தினால் பதிவு தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். விண்டோஸ் கணினியில் கோப்பு வழமையாக வீடியோஸ் கோப்புறைக்குள் போய் அமரும். பெயரிலேயே திகதியும் நேரமும் இருக்கும்.

சிறு பதிவுகளுக்கு இதுவே போதும். இந்தச் சிவப்புப் பொத்தான் கொள்கலனைத் தானே தேர்ந்துகொள்கிறது, உங்களைக் கேட்பதில்லை. இரவு முழுக்க நடக்கும் நிகழ்வென்றால் தேர்வை உங்கள் கையில் வைத்திருங்கள். முகவரியை ஒட்டும் அதே சாளரத்தில் ப்ளே பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியை அழுத்தினால் கன்வேர்ட் என்ற தெரிவு வரும். அங்கே ஒரு புரொஃபைலைத் திருத்தி, கொள்கலனாக ரி.எஸ். அல்லது எம்.கே.வி. என்று வைத்து, படத்துக்கும் ஒலிக்கும் மூலத் தடத்தை அப்படியே வைத்திரு என்று பொருள்படும் பெட்டிகளில் அடையாளமிட வேண்டும். இந்த இரண்டு அடையாளங்களையும் இடாமல் விட்டால் வி.எல்.சி. நெல்லைக் குற்றத் தொடங்கிவிடும்.

கட்டளை வழி

எஃப்எஃப்எம்பெக் என்பது 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இலவசக் கருவி. பொத்தான்களோ தனக்கென்று ஒரு சாளரமோ கிடையாது. கணினியின் கட்டளைச் சாளரத்தில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். நீண்ட பதிவுகளுக்கு நான் இதையே விரும்புகிறேன், காரணம் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம், அது அதைத் தாண்டி எதையும் செய்யாது.

அந்த வரியின் அமைப்பு இப்படி இருக்கும். முதலில் கருவியின் பெயர். அடுத்து ஒரு சிறு கோட்டுடன் ஐ என்ற ஆங்கில எழுத்து, அதன் பின் ஓடையின் முகவரி. பிறகு சிறு கோட்டுடன் சி என்ற எழுத்து, அதன் பின் கொப்பி என்ற சொல். கடைசியில் கோப்பின் பெயர், ரி.எஸ். என்ற நீட்சியோடு. கொப்பி என்ற அந்தச் சொல்தான், வந்ததை வந்தபடியே எழுது, எதையும் குற்றாதே என்ற ஆணை. இவ்வளவு நேரம் மட்டும் பதிவுசெய் என்று சொல்ல வேண்டுமானால் கோப்பின் பெயருக்கு முன்னால் சிறு கோட்டுடன் ரி என்ற எழுத்தும் நேரமும் சேர்க்கலாம். நிறுத்துவதற்குக் கட்டளைச் சாளரத்தை மூடாமல் விசைப்பலகையில் கியூ எழுத்தை அழுத்துங்கள். கருவி கோப்பை ஒழுங்காக மூடிவிட்டு வெளியேறும்.

கண்காணிப்புக் கமராவுக்கு ஒரு மேலதிகக் குறிப்பு. ஆர்.ரி.எஸ்.பி. ஓடை பெரும்பாலும் யு.டி.பி. என்ற முறையில் தரவை அனுப்பும். அனுப்பியது சேர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை. வழியில் ஒரு பொதி தொலைந்தால் திரையில் சாம்பல் நிறத் திட்டுகளும் இழுபட்ட உருவங்களும் தோன்றும், பதிவிலும் அவை நிற்கும். ரி.சி.பி. முறைக்கு மாற்றினால் தொலைந்த பொதி மறுபடி கேட்டு வாங்கப்படும். காட்சி ஓரிரு வினாடி பிந்தினாலும் சுத்தமாக வரும். வி.எல்.சி.யின் அமைப்புகளிலும் எஃப்எஃப்எம்பெக்கிலும் இதற்கான தெரிவு உண்டு.

கோப்பு எவ்வளவு பெரிதாகும்?

இதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஓடையின் வேகம் வினாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 8 பிட் ஒரு பைட் என்பதால் வினாடிக்கு 250 கிலோபைட். ஒரு மணித்தியாலத்தில் 3600 வினாடி. ஆக 900 மெகாபைட். 4 மெகாபிட் என்றால் மணிக்கு 1.8 ஜிகாபைட். முல்லைத்தீவுப் பாணியான முல்லைமோடியில் கோவலன் கூத்து இரவு முழுக்க ஆடப்பட்டு 8 மணித்தியாலம் நீண்டால், 2 மெகாபிட் வேகத்தில் 7.2 ஜிகாபைட் தேவைப்படும்.

பென் டிரைவில் நேரடியாக எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பென் டிரைவுகள் கோப்புகளை ஃபாட்32 என்ற அமைப்பில் அடுக்கி வைக்கும். அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. 64 ஜிகாபைட் வெற்றிடம் இருந்தாலும், மேலே சொன்ன கூத்து ஐந்தாவது மணித்தியாலத்துக்குள் பதிவாகாமல் நின்றுவிடும். கோவலன் மதுரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டான். எக்ஸ்ஃபாட் அமைப்புக்கு மாற்றினால் இந்தத் தடை இல்லை. அல்லது எஃப்எஃப்எம்பெக்கிடம் மணிக்கொரு கோப்பாகப் பிரித்து எழுதச் சொல்லலாம். கண்காணிப்புக் கமராவை நாள் முழுதும் பதிவுசெய்பவர்கள் எப்படியும் இப்படிப் பிரிப்பதே நல்லது. ஒரு கோப்பு பழுதானாலும் மற்றவை நிற்கும்.

எச்.எல்.எஸ். ஓடைகளில் ஒரே காட்சி பல தரங்களில் கிடைப்பது வழக்கம். இணைப்பின் வேகத்தைப் பார்த்துச் செயலி தரத்தைக் கூட்டியும் குறைத்தும் மாற்றிக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு இது நல்ல ஏற்பாடு. பதிவுக்கு அல்ல: கோப்பின் நடுவில் படத்தின் அளவு மாறினால் பல செயலிகள் குழம்பும். உங்கள் இணைப்பு உறுதியாகத் தாங்கும் ஒரு தரத்தைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். தளும்பும் 1080ஐ விட நிலையான 480 எவ்வளவோ மேல்.

இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்?

இரண்டு ஓடை வகைகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு இங்கேதான் தெரியும்.

எச்.எல்.எஸ். முறையில் காட்சி ஒரே நீளமாக வருவதில்லை. சேர்வர் அதைச் சிறு துண்டுகளாக வெட்டி வைக்கிறது. ஒரு துண்டுக்கு 6 வினாடி என்பது அப்பிள் பரிந்துரைக்கும் அளவு. எம்3யு8 கோப்பு என்பது அந்தத் துண்டுகளின் பட்டியல்தான். செயலி பட்டியலைச் சில வினாடிக்கு ஒருமுறை வாங்கிப் பார்த்து, புதிய துண்டு வந்திருந்தால் இறக்கிக்கொள்கிறது. நேரலையில் அந்தப் பட்டியலில் கடைசிச் சில துண்டுகள் மட்டுமே இருக்கும். புதியது ஒன்று கீழே சேர, பழையது ஒன்று மேலிருந்து நீக்கப்படும்.

பட்டியலில் 6 துண்டுகள் இருந்தால், மொத்தம் 36 வினாடி. உங்கள் இணைப்பு 20 வினாடி அறுந்து மீண்டால், விடுபட்ட துண்டுகள் இன்னும் பட்டியலில் இருக்கும். செயலி அவற்றை வேகமாக இறக்கி ஈடுசெய்துகொள்ளும், பதிவில் வடு தெரியாது. இரண்டு நிமிடம் அறுந்தால், நடுவே போன துண்டுகள் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும். அவற்றை இனி எந்தக் கருவியாலும் கேட்டு வாங்க முடியாது. சில சேர்வர்கள் பட்டியலை மணிக்கணக்கில் நீட்டி வைக்கின்றன. நேரலையில் பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடிகிறது என்றால் அது அப்படிப்பட்ட ஏற்பாடு. ஆலயத்துக்கென்று சேர்வர் அமைக்கும் இளைஞர்கள் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நீளமாக வைத்தால், வெளிநாட்டில் பதிவுசெய்யும் எத்தனையோ பேருக்கு உதவியாக இருக்கும்.

ஆர்.ரி.எஸ்.பி. ஓடையில் பட்டியலும் இல்லை, துண்டும் இல்லை. வரும் கணத்தில் வாங்காதது அப்போதே போய்விட்டது.

பதிவின் முதல் ஓரிரு வினாடி மங்கலாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் கலங்க வேண்டாம். காணொளியில் ஒவ்வொரு படமும் முழுமையாக அனுப்பப்படுவதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம் வரும். அதற்கு அடுத்தவற்றில் முன்னதிலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே வரும். நேரலை அனுப்புபவர்களிடம் யூரியூப் கேட்பது 2 வினாடிக்கு ஒரு முழுப் படம். நீங்கள் இரண்டு முழுப் படங்களுக்கு நடுவே பதிவைத் தொடங்கியிருந்தால், அடுத்த முழுப் படம் வரும்வரை காட்சி தெளிவாகாது. இதற்காகவே நிகழ்வு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே பதிவைத் தொடங்கிவிடுங்கள்.

மின்சாரமும் இடமும்

மின்தடை வந்தாலும் மடிகணினி தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் ஓடாது. பதிவு அறுவது பெரும்பாலும் அங்கேதான். ரவுட்டருக்கென்று சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. அதுவும் இல்லையென்றால் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் முன்கூட்டியே இணைத்துப் பரீட்சித்து வையுங்கள். கணினி தூங்கிப்போகும் அமைப்பையும், மூடியை மூடினால் அணையும் அமைப்பையும், விண்டோஸ் தானாகப் புதுப்பித்து மீளத் தொடங்குவதையும் அன்றைக்கு நிறுத்திவைக்க வேண்டும்.

பதிவுசெய்பவர் வன்னியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓடை சேர்வருக்குப் போய்விட்டால் உலகின் எந்த மூலையிலிருந்தும் பதியலாம். மின்சாரமும் இணைப்பும் நிலையாக உள்ள ரொறன்ரோவில் ஓர் உறவினர் பதிவுசெய்தால் நல்ல வாய்ப்பு. வைகாசியில் இங்கே திங்கள் இரவு 8 மணி என்றால் அங்கே அதே திங்கள் காலை 10.30, பாரிஸில் மாலை 4.30. வேலை நேரமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஆனால் தூரத்தில் பதிவுசெய்பவருக்கு ஒரு எல்லை உண்டு. சேர்வருக்குப் போய்ச் சேர்ந்ததை மட்டுமே அவரால் பிடிக்க முடியும். திருவிழா இரவில் ஆயிரக்கணக்கான தொலைபேசிகள் ஒரே கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும்போது, கோயிலிலிருந்து வெளியேறும் ஓடையே தடுமாறும். அங்கே தொலைந்தது ரொறன்ரோவுக்கும் போயிராது. ஆகவே முதற்பதிவு, ஒளிபரப்பும் இடத்திலேயே நடக்க வேண்டும். ஓ.பி.எஸ். போன்ற இலவச ஒளிபரப்புச் செயலிகளில் நேரலை அனுப்பும்போதே வன்தட்டிலும் பதிவுசெய்யும் பொத்தான் இருக்கிறது. அந்தப் பதிவு இணைப்பின் தள்ளாட்டத்துக்கு உட்படாது. தரமும் உயர்வாக வைக்கலாம். அங்கும் கொள்கலன் எம்.கே.வி. ஆக இருக்கட்டும். நேரலை நடத்தும் தம்பிமாரிடம் நான் எப்போதும் முதலில் கேட்பது இந்தப் பொத்தானை அழுத்தினீர்களா என்பதுதான்.

பதிவு முடிந்த பின்

கோப்பைத் திறந்து தொடக்கத்தையும் நடுவையும் முடிவையும் பாருங்கள், ஒலியோடு. படம் மட்டும் பதிவாகி ஒலி இல்லாமல் போவது நடக்கக்கூடியதே. பிறகு எஃப்எஃப்எம்பெக்கில் அதே கொப்பி என்ற சொல்லைப் பாவித்து, உள்ளே ரி.எஸ். கோப்பும் வெளியே எம்பி4 கோப்பும் கொடுத்து மாற்றிக் கட்டலாம். ஓ.பி.எஸ்.ஸிலும் இதற்கென்று ஒரு தெரிவு உண்டு. தேவையற்ற தொடக்கத்தை வெட்டும்போது, நீங்கள் சொன்ன வினாடியில் அல்லாமல் பக்கத்திலுள்ள முழுப் படத்தில்தான் வெட்டு விழும். துல்லியமாக வெட்ட வேண்டுமென்று மறுபடி சுருக்கப் போக வேண்டாம்.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் திகதியையும், அதன்பின் ஊரையும், நிகழ்வையும் எழுதுங்கள். அப்போது கோப்புறையில் எல்லாம் தாமாகவே கால ஒழுங்கில் அமரும். ஒரு படி ஆலயத்திலோ சனசமூக நிலையத்திலோ இருக்கட்டும், இன்னொரு படி வேறு ஊரில், வேறு வன்தட்டில் இருக்கட்டும். எம்பி4 கோப்பு முழுமையாக ஓடுவதைப் பார்த்த பிறகு மூல ரி.எஸ். கோப்பை அழிக்கலாம். வன்தட்டில் இடம் இருக்கும்வரை நான் அதை அழிப்பதில்லை.